ஒன்பதாம் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு பக்கம்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் போன வருடம் ஒரு நாவல் பிரதி வந்தது. இன்னும் புத்தகமாகவில்லை, கணினியில் அடித்து அச்செடுத்த தாள்கள்தான். எழுதிய தம்பிக்கு ஊர் களுவாஞ்சிக்குடிப் பக்கம், பிறந்தது 2001இல். கதை நடப்பது இன்னும் நூற்றைம்பது வருடம் கழித்து, கடலுக்கு மதில் கட்டிய ஒரு நகரத்தில். அந்த நகரத்து அரசு வரியாகப் பணம் வாங்குவதில்லை. ஆட்களின் நினைவை வாங்குகிறது. கொடுக்க நினைவு மிச்சமில்லாதவர்களின் உடம்பு ஆய்வுகூடத்துக்குப் போகிறது. அங்கே நடப்பதைத் தம்பி ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். தோலுக்கடியில் வளரும் கம்பி, ஒருவரின் கண்ணை எடுத்து இன்னொருவருக்கு வைப்பது, பிள்ளைகளை எடைபோட்டுப் பிரிப்பது என்று போகும்.

"முன்னுக்கு ஒரு எச்சரிக்கைப் பக்கம் போடணும் அண்ணன். நீங்க எழுதித் தாங்க" என்று கேட்டார். சரி என்றேன். ஆங்கில நாவல்களில் இப்போது இது சாதாரணம். நானும் நாலைந்து பட்டியல்களைப் பார்த்து, இரத்தம், உடல் சிதைவு, மருத்துவச் சித்திரவதை, குழந்தைகளின் மரணம் என்று அரைப் பக்கம் எழுதி, பிரதியோடு வைத்து வட்டத்துக்குக் கொடுத்தேன்.

ஆய்வுகூடம் வருகிற நாலாம் அத்தியாயத்தை எல்லோரும் வாசித்தார்கள். முகம் சுளித்தார்கள், பக்கத்தைப் புரட்டினார்கள், அவ்வளவுதான். ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் பிரச்சினை. அதில் ஒரு சொட்டு இரத்தமும் இல்லை. விடியப்புறம் ஊர்ச் சனத்தைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக உட்கார வைக்கிறார்கள். துணி போர்த்திய ஒரு இயந்திரம் முன்னால் நிற்கிறது. ஒவ்வொருவராக எழும்பி அதன் முன் நிற்க வேண்டும். சிலருக்கு அது அசையாமல் இருக்கும். சிலரைப் பார்த்துத் தலையை ஆட்டும். தலையாட்டியவர்களை ஒரு பக்கமாக நிறுத்தி வண்டியில் ஏற்றுகிறார்கள்.

வட்டத்துக்கு ஒழுங்காக வரும் அக்கா ஒருவர், அறுபதை நெருங்குகிறவர், அந்த இடத்தில் தாள்களை மடித்து மடியில் வைத்துவிட்டார். "இத என்னால வாசிக்க ஏலா தம்பி" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அவருடைய கையில் இருந்த என் எச்சரிக்கைப் பக்கத்தில் ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கினேன்.

முதலில் இந்த வகை நாவல் ஏன் மற்றதைவிட ஆழமாக இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். டிஸ்டோப்பியா என்பது எல்லாம் கெட்டுப்போன ஒரு சமூகத்தைக் கட்டிக் காட்டும் கதை. 1516இல் தாமஸ் மோர் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய 'உட்டோப்பியா' என்ற இலட்சிய உலகத்தைத் தலைகீழாக்கியது. 'டிஸ்டோப்பியர்கள்' என்ற சொல்லை ஜான் ஸ்டூவர்ட் மில் 1868இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் பயன்படுத்தினார். அயர்லாந்து நிலம் பற்றிய அரசாங்கக் கொள்கையைக் கண்டித்த பேச்சு அது. ஆக, அந்தச் சொல் அரசியலோடு சேர்ந்தே பொதுவெளிக்கு வந்தது.

நம்மிடம் இதற்கு இன்னும் பழைய கணக்கு உண்டு. அச்சம் நாலு இடத்திலிருந்து வரும் என்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய் பிசாசும் மிருகமும் திருடனும் சரி, யாருக்கும் புரியும். நாலாவதாக வருவது தன்னை ஆளும் அரசன். டிஸ்டோப்பியா என்று இன்று நாம் சொல்வதன் வேர் அந்த நாலாவது சொல்லில் இருக்கிறது. திகில் கதை அணங்கையும் விலங்கையும் எடுத்துக்கொள்கிறது. டிஸ்டோப்பியத் திகில் நாலையும் ஒன்றாகச் சேர்த்து, அதன்மேல் அறிவியலை வைத்துக் கட்டுகிறது. பேய்க்கதை வாசித்துப் பயந்தால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம், திருநீறு பூசலாம், "பேய் எங்கே இருக்கு" என்று சொல்லித் தேறலாம். அறிவியல் புனைவு அந்த வழியை அடைத்துவிடும். இது நடக்கக்கூடியது என்றுதான் அது பக்கத்துக்குப் பக்கம் நிரூபித்துக்கொண்டு வரும். நடந்ததைப் பார்த்த வாசகருக்கு நிரூபணமும் தேவைப்படாது.

எச்சரிக்கை என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? சினிமாவுக்கு 'வயது வந்தோருக்கு மட்டும்' என்று போடுவது நமக்குப் பழையது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரச் சட்டத்துக்குப் பிறகு தொலைக்காட்சியில் சிகரெட் பிடிக்கும் காட்சி வந்தால் அந்த இடத்தை மங்கலாக்கிவிடுகிறார்கள். சிகரெட் பெட்டியின் 80 சதவீதத்தைப் படத்தோடு கூடிய எச்சரிக்கை மூட வேண்டும் என்ற விதியும் 2015இல் நடைமுறைக்கு வந்தது. இவையெல்லாம் அதிகாரம் மேலிருந்து போடுவது. வயதையும் உடல்நலத்தையும் பற்றியது.

நாவலுக்குப் போடும் எச்சரிக்கையின் பிறப்பு வேறு. வியட்நாம் போருக்குப் பிறகு, 1980இல், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டு நோயை முதல் தடவையாகச் சேர்த்தது. ஒரு சத்தம், ஒரு மணம், ஒரு காட்சி பழையதை அப்படியே திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும் என்பது அப்போதுதான் மருத்துவப் பெயரோடு பேச்சுக்கு வந்தது. பிறகு 1990களின் பிற்பகுதியிலிருந்து, பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்கள் இணையத்தில் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும்போது, "இதில் இன்னது வருகிறது, பார்த்து வாசியுங்கள்" என்று மேலே ஒரு வரி போட்டார்கள். அனுபவித்தவர் அனுபவித்தவருக்குச் சொன்ன வரி அது. இந்தப் பழக்கத்தில் எனக்கு மதிப்பு இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அந்த வரி அப்புறம் முறையாக வளர்ந்தது. ரசிகர்கள் எழுதும் கதைகளைச் சேர்த்துவைக்கும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' 2009இல் பொதுவில் திறந்தபோது, கொடூர வன்முறை, முக்கிய பாத்திரத்தின் சாவு, வன்புணர்வு, வயதுவராதவர் தொடர்பான பாலியல் என்று நாலு எச்சரிக்கைகளை வைத்தது. கூடவே 'எழுதியவர் எச்சரிக்கை போட விரும்பவில்லை' என்று ஒரு தெரிவும் வைத்தது. கதையின் திருப்பத்தைக் காப்பாற்ற நினைக்கிற எழுத்தாளருக்கு அது ஒரு நேர்மையான வழி. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது என்பதையாவது வாசகர் தெரிந்துகொள்கிறார். படத்தில் நாய் சாகிறதா என்ற ஒரே கேள்வியோடு 2010இல் தொடங்கிய தளமும் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் சின்ன விஷயம்போலத் தெரியும். போர்க்காலத்தில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் மாட்டைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டு, பின்னாலேயே ஓடிவந்த நாயையும் விரட்டிவிட்டு, வாவியைக் கடந்து வந்தவர்களிடம் கேட்டால் அந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

'ஸ்டோரிகிராஃப்' என்ற வாசிப்புத் தளத்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. வாசகர்களே எச்சரிக்கைகளைக் குறிக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு இருக்கிறது. விலாவாரியாக வருகிறது, ஓரளவு வருகிறது, பேச்சில் மட்டும் வந்துபோகிறது. 'சித்திரவதை' என்று ஒரே சொல்லில் எழுதினால் எதுவும் தெரியாது. பத்துப் பக்கத்துக்கு நடக்கிறதா, "அவனை அடித்தார்கள்" என்ற ஒரு வரியோடு போகிறதா என்பதுதான் வாசகருக்குத் தேவையான தகவல்.

இப்படி எச்சரிப்பது உண்மையில் பலன் தருகிறதா என்ற கேள்விக்கு ஆய்வுகள் சொல்லும் பதில், ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் ஒருசேரச் சங்கடமானது. 2018இலும் 2020இலும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மக்நாலி குழுவினர் இதைச் சோதித்தார்கள். 2020 ஆய்வில் கலந்துகொண்டவர்கள் எல்லோரும் பெரும் பாதிப்பைக் கண்டவர்கள். எச்சரிக்கை அவர்களின் பதற்றத்தைக் குறைக்கவில்லை. பட்ட பாதிப்புத்தான் தன் அடையாளத்தின் நடுப்பகுதி என்ற எண்ணத்தை அது கொஞ்சம் கூட்டியது என்றும் கண்டார்கள். 2023இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா பிரிட்ஜ்லண்டும் மற்றவர்களும் 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எச்சரிக்கையைப் பார்த்ததும், உள்ளே போகும் முன்பே, ஒரு படபடப்புக் கூடுகிறது. வாசிக்கும்போது வருகிற வேதனை குறைவதில்லை. வாசித்ததை விளங்கிக்கொள்வது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு விலகிப்போவதும் பெரிதாக இல்லை.

கடைசி முடிவைத் தம்பிக்கு இரண்டு தரம் சொன்னேன். எச்சரிக்கை போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று அவருடைய நண்பர்கள் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

இந்த முடிவுகளை நான் நம்புகிறேன். ஆனாலும் எச்சரிக்கை வேண்டும் என்றே சொல்வேன். காரணம் இதுதான். பெரும்பாலான சோதனைகள் ஒரு சின்னப் பந்தியையோ படத்துண்டையோ காட்டி, உடனே "எவ்வளவு வேதனை?" என்று அளந்தவை. முந்நூறு பக்க நாவலை யாரும் அப்படி வாசிப்பதில்லை. பஸ்ஸில் வாசிப்போம், படுக்கப் போகும் முன் வாசிப்போம், பக்கத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போது வாசிப்போம். எச்சரிக்கை மருந்து மாதிரி வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் தவறு. எப்போது, எங்கே, யாரோடு இருந்து வாசிப்பது என்று முடிவெடுக்க அது உதவினால் போதும்.

இதை எனக்குக் காட்டியவர் மருதமுனையிலிருந்து வரும் ஆசிரியை ஒருவர். நாவலின் 14ஆம் அத்தியாயத்தில் கடல்மதில் உடைகிறது. அதைப் பற்றி என் பக்கத்தில் 'இயற்கைப் பேரிடர்' என்று இரண்டு சொல் எழுதியிருந்தேன். அவர் அதில் விரலை வைத்து, "இது கடல் வாறதா?" என்று கேட்டார். ஓம் டீச்சர் என்றேன். "எத்தனையாம் பக்கம்? நான் அத ராவையில வாசிக்க மாட்டன். பகல்ல, வீட்ட ஆக்கள் இருக்கக்குள்ள வாசிக்கிறன்" என்றார். சொன்னபடி வாசித்தும் முடித்தார். அவருக்குத் தேவைப்பட்டது பக்க எண்ணும் 'கடல்' என்ற சொல்லும்தான். நான் எழுதிய 'இயற்கைப் பேரிடர்' அவருக்கு எதையும் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாள். இலங்கையில் அதிகம் பேர் இறந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேல். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, திருக்கோவில் கரையோரத்திலும், இங்கே நாவலடி, கல்லடியிலும் அந்த நாளைச் சுனாமி என்று சொல்பவர்களுக்குச் சமமாக, 'கடல் வந்த நாள்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் ஊர் வாசகருக்கு எழுதும் எச்சரிக்கையில் 'கடல்' என்ற சொல் இருக்க வேண்டும்.

இங்கேதான் இரவல் பட்டியல்கள் நம்மைக் கைவிடுகின்றன. அவற்றை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். உடல் சிதைவு, நரமாமிசம், கட்டாயக் கருவுறுதல், அனுமதியில்லாத மருத்துவப் பரிசோதனை, மூச்சடைக்கும் ஒடுங்கிய இடம் என்று இந்த வகை நாவலில் வரக்கூடியதையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு டிஸ்டோப்பியா வரப்போகிற காலம். வரிசை, சோதனைச் சாவடி, அட்டையைக் காட்டு என்பதெல்லாம் கதைக்குப் பின்னணியாகப் போட்ட திரை. நமக்கு அப்படியில்லை. 1990இன் சில மாதங்களை மட்டும் எடுங்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேரைக் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பவில்லை. நாலு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானிலும் படுகொலை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகளும் இறந்தார்கள். சாக்கோ முகமூடியோ போட்டபடி நின்று ஆட்களைக் காட்டிக்கொடுத்தவரைத் 'தலையாட்டி' என்று சொல்வோம். அகராதியில் அதற்கு ஆமாம் போடுகிறவன் என்று பொருள் இருக்கலாம். கிழக்கில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் அறை அமைதியாகிவிடும்.

இதைத் தம்பியிடம் கேட்டேன். வேண்டுமென்று எழுதினீரா? "இல்ல அண்ணன். முகம் பார்த்து ஆள் பிடிக்கிற கமராவப் பத்தி வாசிச்சன், அதுல இருந்து வந்தது. அப்பா எப்பவோ ஒருக்காத்தான் தலையாட்டி எண்டு சொல்லியிருக்கார்." எப்பவோ ஒருக்காக் கேட்ட அந்தச் சொல், அவர் அறியாமலே இயந்திரமாக வந்து நின்றிருக்கிறது. எழுத்து இப்படித்தான் வேலை செய்யும், அதில் குறையில்லை. எச்சரிக்கையை மட்டும் எழுதியவர் தனியாக எழுத முடியாது. வயது, ஊர், மதம் வேறுபட்ட நாலு பேராவது பிரதியை முதலில் வாசிக்க வேண்டும். எந்த இடத்தில் கை நிற்கிறது என்று அவர்கள்தான் காட்டுவார்கள்.

எச்சரிக்கையில் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். "இளகிய மனம் படைத்தவர்கள் தவிர்க்கவும்" என்ற வாக்கியம் தொலைக்காட்சியிலிருந்து நமக்குப் பழகிவிட்டது. அதை நான் எந்த நூலிலும் போட விடமாட்டேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் நின்றுபோன அக்கா இளகிய மனக்காரி இல்லை. தன் கூடப்பிறந்த தம்பியைத் தேடி முகாம் முகாமாக ஏறி இறங்கியவர். அந்த வாக்கியம் குறையை வாசகர் தலையில் போடுகிறது. உள்ளே இருப்பதைச் சொன்னால் போதும், வாசகரின் மனத்தை அளக்க நமக்கு உரிமையில்லை. அதேபோல, 'கற்பழிப்பு' என்று எழுதக்கூடாது. பாதிக்கப்பட்டவரிடமிருந்து எதுவோ அழிந்துபோனதாக அந்தச் சொல் சொல்கிறது. 'பாலியல் வன்முறை' அல்லது 'வன்புணர்வு' நேரானது. 'அசம்பாவிதம்' என்று மழுப்புவதும் வேண்டாம், அதை வாசித்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

தற்கொலை பற்றிய இடத்தில் இன்னும் நிதானம் வேண்டும். 1995 அளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று, இலட்சத்துக்கு சுமார் 47 பேர். கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. ஆனாலும் வயல் ஊர்களில் இப்படி ஒரு சாவு விழாத ஒழுங்கை குறைவு. நாவலில் 12ஆம் அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் உயிரை மாய்த்துக்கொள்கிறது. எச்சரிக்கையில் அதைச் சொல்ல வேண்டும், எப்படி என்று சொல்லக்கூடாது. அதற்கு அடுத்த வரியில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைப் போட்டோம்.

கதை முன்கூட்டியே வெளிப்பட்டுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் நம் ஊரில் நின்று பார்த்தால் அவ்வளவு பெரிய கேள்வியாக எனக்குத் தெரியவில்லை. வைகாசியில் தம்பிலுவிலிலோ செட்டிபாளையத்திலோ கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கினால், கோவலன் கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை பாடுவார்கள். கோவலனுக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் அங்கே ஒருவரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள். 'கொலைக்களக் காதை' என்று பகுதியின் பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. தெரிந்துகொண்டே வந்து உட்கார்ந்து, தெரிந்துகொண்டே அழுகிறார்கள். கூத்திலும் அப்படி. வடமோடி என்றால் பெரும்பாலும் போரும் சாவும், தென்மோடி என்றால் பெரும்பாலும் காதலும் கலியாணமும் என்று சொல்வார்கள். வட்டக்களரிக்குப் போகிற கிழவிக்கு மோடியின் பெயரே போதும், இன்றைக்கு அழ வேண்டி வருமா என்று தெரிந்துவிடும். யார் வருகிறார், எப்படிப்பட்டவர் என்று வரவுப் பாட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறது.

அந்தக் கோயிலில் இன்னொன்றும் இருக்கிறது. மதுரை எரிந்ததோடு சடங்கு முடிவதில்லை. கடைசியில் குளிர்த்தி பாடி, அம்மனின் சூட்டைத் தணித்து, அதற்குப் பிறகுதான் சனத்தை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். உள்ளே கூட்டிப்போனவர்களுக்கு வெளியே கூட்டிவரும் கடமையும் உண்டு என்று அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். இன்றைய எச்சரிக்கைப் பட்டியல்களில் நான் காணாதது இதைத்தான். வாசலில் பலகை வைத்துவிட்டு அவை போய்விடுகின்றன. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்காவும், போரைக் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக வரவழைத்து, நடந்ததைச் சொல்லு என்று நெருக்காமல், களிமண்ணிலும் நிறத்திலும் கதையிலும் விளையாட விட்டது. சொல்வதா வேண்டாமா, எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையின் கையில் விட்ட ஏற்பாடு அது.

பழையதை விட்டு விலகி விலகியே போனால் மனவடு ஆறாது என்று உளவளத்துணையாளர்கள் சொல்வது சரிதான். அதை வைத்து, 'அப்படியென்றால் எச்சரிக்கை எதற்கு, நேரே எதிர்கொள்ளட்டும்' என்று வாதாடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சையை ஒரு உளவளத்துணையாளர் பக்கத்தில் இருந்து, சம்மதம் கேட்டு, படிப்படியாகச் செய்கிறார். இராத்திரி பதினொரு மணிக்குத் தனியே இருக்கும் ஒருவரின் முகத்தில் ஒரு நாவல் அடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, கடைசியில் என்ன எழுதினோம்? முதல் பக்கத்தில் இரண்டே வரி: "இந்த நாவலில் அரச வன்முறையும் உடல் சார்ந்த கொடூரமும் விரிவாக வருகின்றன. எந்த அத்தியாயத்தில் என்ன வருகிறது என்று முன்கூட்டியே அறிய விரும்புவோர் கடைசிப் பக்கத்தைப் பார்க்கலாம்." திருப்பங்கள் தெரியாமல் வாசிக்க விரும்புகிறவர் நேரே கதைக்குள் போய்விடலாம். கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு அங்கே விவரம் இருக்கும். அதில் சிலதை அப்படியே தருகிறேன்.

"4: ஆய்வுகூடத்தில் உயிருள்ளவர்களின் உடலை வெட்டும் காட்சிகள், விலாவாரியாக. பிள்ளைகளும் இருக்கிறார்கள். 9: சுற்றிவளைப்பு. ஆட்களை வரிசையில் வைத்துப் பிரித்துக் கொண்டுபோதல், தலையாட்டி. இரத்தம் இல்லை, அத்தியாயம் முழுவதும் இதுவே. 11: காணாமல் போன மகனைத் தாய் அலுவலகம் அலுவலகமாகத் தேடுதல், ஓரளவு. 12: ஒரு தற்கொலை, ஒரு பக்கம். 14: கடல் ஊருக்குள் வருதல், விலாவாரியாக. 16: நாய் ஒன்று தொலைகிறது, 19இல் திரும்பி வருகிறது."

நாயைப் பற்றிய வரியை வைக்கச் சொன்னது தம்பிதான். முழு நாவலிலும் திரும்பி வருவது அது ஒன்றுதான், அதையாவது முதலே சொல்லிவிடுவோம் என்றார்.

9ஆம் அத்தியாயத்தில் நின்ற அக்கா இரண்டு மாதம் கழித்துப் பிரதியை மறுபடி கேட்டார். அந்த அத்தியாயத்தை வாசிக்கப் போவதில்லை, ஆனால் அந்தத் தாய்க்கு என்ன ஆனது என்று தெரிய வேண்டும் என்றார். 10ஐப் புரிந்துகொள்ள 9இலிருந்து என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நானும் தம்பியும் உட்கார்ந்து பார்த்தோம். நாலு விஷயம்தான் இருந்தது. யார் கொண்டுபோகப்பட்டார், யார் தப்பினார், யாரிடம் சாவி இருக்கிறது, தாய் என்ன சத்தியம் செய்தாள். நாலையும் நாலு வரியில் ஒரு தாளில் எழுதி, 9இன் பதினெட்டுப் பக்கங்களையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதைச் செருகிக் கொடுத்தேன். அவர் 10இலிருந்து தொடங்கிக் கடைசிவரை வாசித்தார்.

இப்போது 4, 9, 12, 14 நாலுக்கும் அப்படி நாலு நாலு வரி எழுதி, கடைசிப் பக்கத்தில் 'தாண்டிப் போகிறவர்களுக்கு' என்ற தலைப்பின் கீழ் சேர்த்திருக்கிறோம். 9க்கு உரிய வரிகளில் 'இயந்திரம்' என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னார் அக்கா. எடுத்துவிட்டோம்.